அக்கா நிறுத்திய இடம்

தம்பி, நீ கேட்ட ஒலிப்பதிவை நான் அனுப்பப்போவதில்லை. இதைப் போனில் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன். நீ கேட்கிறபோதெல்லாம் "பாப்பம் மனே" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்று பேச்சை மாற்றினேன். உனக்கு உன் அம்மாவைத் தெரியும். வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பூமிசாத்திரம் படிப்பிப்பேன். ஆசிரியர் கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டால் எழுதிக் கொண்டுபோன தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவேன். மாங்கேணியில் தோணியும் வலையும் வைத்திருந்த எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவள் நான். அங்கே போய்ப் பேசப் பழகவில்லை, எழுதத்தான் பழகினேன். எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் இது கொஞ்சம் நீளமாக இருக்கும். வாசித்து முடித்ததும் உன்னோடு பியானோ வாசிக்கிற ஷெரினிடமும் கொடு. அவளுக்கு மறைக்கவேண்டியது இதில் ஒன்றுமில்லை. இன்னும் யாரிடம் காட்டவேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறதோ அவர்களிடமும் காட்டு.

போன கிழமை ஷெரின் எனக்குப் போன் எடுத்தாள். உன் போனிலிருந்து களவாக என் இலக்கத்தை எடுத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டாள். "ஆன்டி, நான் ஒங்க மகனப்பத்திக் குறை சொல்ல எடுக்கல்ல" என்றாள். பிறகு குறைதான் சொன்னாள், ஆனால் அது குறை சொல்கிறவர்களின் குரலாக இல்லை. வத்தளையில் வளர்ந்த பிள்ளையின் தமிழ் எனக்குக் கொஞ்சம் வேகம், பொறுக்கிப் பொறுக்கித்தான் கேட்டேன். "அவர் நல்லா வாசிக்கிறார் ஆன்டி. அதுதான் கரைச்சலே. ஆனா என்னோட வாசிக்கல்ல. என்னத் தாண்டி வேற யாரோடயோ வாசிக்கிறார். அந்த ஸ்லோ மூவ்மென்ட் வந்தா போனத் தூக்கி ஸ்டாண்டில வெச்சு, இந்த இடத்தில இந்தளவு நிறுத்துன்னு போட்டுக் காட்டுறார். ஏன்னு கேட்டா பதில் இல்ல. ஏன்னு சொன்னா நான் நிப்பேன். சும்மா நில்லுன்னா எப்பிடி நிக்கிறது? நான் என்ன ட்ரபிக் லைட்டா?" எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அழுகையும் வந்தது.

மற்றதையும் அவள்தான் சொன்னாள். உன்னோடு முதலில் வாசிக்க வந்த பையனும் இதே இடத்தில்தான் விலகிப்போனானாம். பட்டத்துக்கான கடைசி வாசிப்பிலிருந்து செல்லோவும் பியானோவும் சேர்ந்த இந்த சொனாட்டாவை எடுத்துவிட்டு, செல்லோ தனியாக வாசிக்கிற ஒன்றைப் போட நீ கேட்டாயாம். இருவராக வாசிக்கும் உருப்படி ஒன்றாவது இல்லாமல் பட்டம் தரமுடியாது என்று உன் ஆசிரியர்கள் சொன்னதும், "அப்ப விட்டுட்டு ஊருக்குப் போறன்" என்று சொல்லிவிட்டு வந்தாயாம். எனக்கு நீ இதில் ஒன்றையும் சொல்லவில்லை. அக்காவின் கடைசி நாள் வாசிப்பு என் போனில் இருக்கிறது, அதை ஷெரின் முழுதாகக் கேட்டால் எங்கே எப்படி நிற்கவேண்டும் என்று அவளுக்கு விளங்கிவிடும் என்று மட்டும்தான் சொன்னாய். விளங்காது தம்பி. ஏன் என்று சொல்ல, நீ அறியாத சிலவற்றை நான் எழுதவேண்டும். உனக்கும் அக்காவுக்கும் இடையில் நடந்ததில் உனக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். நான் இருந்த இடம் அப்படி.

அக்கா பியானோவில் இருந்தாள், நீ அவளுடைய வலப்பக்கத்தில் செல்லோவோடு இருந்தாய். நான் அவளுடைய இடப்பக்கத்தில், பழைய பிளாஸ்டிக் கதிரையில், பக்கம் புரட்ட இருந்தேன். பக்கம் புரட்டுவதற்காகத்தான் நான் இசைத்தாள் வாசிக்கவே பழகினேன். ஒரு ஸ்வரத்தையும் என் விரலால் அடித்ததில்லை. அக்கா தலையை அசைப்பாள், நான் எழும்பிப் புரட்டுவேன், இருப்பேன். உங்கள் அப்பா அதைப் பார்த்து, "டிகிரி எடுத்தது காத்துக்குப் பதிலாத் தாள் புரட்டவா?" என்று கேட்பார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அங்கே இருந்தால் என்னை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். நான் எல்லாவற்றையும் பார்க்கலாம். நீ தாளுக்கு மேலால் அவளுடைய தோளைத்தான் பார்ப்பாய். அவளுடைய கைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

நீங்கள் இருவரும் அந்த மெதுவான பகுதிக்காகச் சண்டைபிடித்தது நினைவிருக்கிறதா? மியூசிக் மிஸ் அந்தத் தாளைத் தந்தபோது மேலே பியானோவின் பெயர் முதலிலும் செல்லோவின் பெயர் பிறகும் போட்டிருந்தது. அக்கா அதை உன் முகத்துக்கு நேரே பிடித்து, "பாத்தியா, நான்தான் முன்னுக்கு. நீ எனக்குப் பின்னால வாற ஆள்" என்றாள். "பாட்டு என்னட்டத்தான் இரிக்கு. நீ சும்மா கீழ நிண்டு தட்டு" என்றாய் நீ. பெரிய பகடி. ஆனால் அதற்குள் ஒரு உண்மையான கரைச்சல் இருந்தது, அதை நீங்கள் தீர்த்துக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். செல்லோவில் நீ ஒரு ஸ்வரத்தை எடுத்தால் வில் ஓடும்வரைக்கும் அது உயிரோடு இருக்கும், வேண்டுமென்றால் வளரும். பியானோவில் அடித்தது அடித்த கணத்திலிருந்து குறைந்துகொண்டே போகும். அக்கா என்ன செய்தாலும் அதைத் திரும்பக் கூட்ட முடியாது. நீ முதலில் உன் பாட்டுக்கு வாசித்தாய். அவளுடைய ஸ்வரம் தேய்ந்துபோன பிறகும் நீ உரத்து நின்றாய். "நீ என்னக் கேக்குறதே இல்ல" என்று அவள் மூடியை இறக்கிவிட்டுப் போனாள். மறுநாள் அவளுடைய ஸ்வரம் தேய்கிற அளவுக்கு நீயும் வில்லின் பாரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தாய். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் இரண்டு பேர் வாசிப்பது என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

இப்போது அந்த நிறுத்தத்துக்கு வருகிறேன். பாட்டு முதல்தரம் முடிந்து, பியானோவின் அடியில் ஒரு தாழ்ந்த ஸ்வரம் விழும். பிறகு ஒரு சின்ன ஓய்வு. பிறகு அதே தாழ்ந்த ஸ்வரம் திரும்ப விழும், அதற்கு மேல் நீ மெல்லப் பாட்டைத் திரும்ப எடுப்பாய். தாளில் இருப்பது அவ்வளவுதான், மூச்சு வாங்குகிற அளவு ஓய்வு. அக்கா அங்கே நீளமாக நிற்பாள். நீ கண்ணை மூடிக்கொண்டு, வில்லை நரம்புக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாய். அதை அக்காவின் ஆழ்ந்த கற்பனை என்று நீ நம்பினாய். ஷெரினுக்கு நீ போட்டுக் காட்டுவதும் அதைத்தான்.

அது கட்டையால் வந்தது, தம்பி, விரல் அழுத்துகிற பியானோக் கட்டை. எங்கள் பியானோ எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். எங்கள் சபைக் கோவிலுக்குப் புதுக் கீபோட் வந்ததும் பழைய பியானோவை எங்களுக்குக் கொடுத்தார்கள். உங்கள் அப்பா வவுணதீவில் அவர் வேலைசெய்கிற நெல் ஆலையின் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினைக் கேட்டு எடுத்து, அதன் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். வாவிக்கரையில் வீடு. மாரி மழையில் சுவரே வியர்க்கும், மரம் வியர்க்காதா? அந்தத் தாழ்ந்த கட்டை ஈரத்தில் ஊதி, அழுத்தினால் உள்ளே போய் அங்கேயே படுத்துக்கொள்ளும். அது மெல்ல எழும்பி மற்றக் கட்டைகளோடு சமமாக வரும்வரைக்கும் திரும்ப அடிக்க முடியாது. அக்கா அதற்காக நின்றாள். விரலை மேலே வைத்துக்கொண்டு, கட்டை எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் நீ குளிக்கப் போனபோது என்னிடம் சொன்னாள். "அம்மா, இந்தக் கட்ட படுத்தா எழும்பாது. அப்பாவப் போலதான்." அடுத்த அறையிலிருந்து "எனக்குக் கேக்குது" என்றார் அவர். அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு குரலை இறக்கி, "தம்பிட்டச் சொல்லிப்போடாதீங்க. அவன் அத ஏதோ பெரிய துக்கமெண்டு நினைச்சுக் கண்ண மூடிட்டு இருக்கான். பாவம், இருந்திட்டுப் போகட்டும்" என்றாள். அதற்குப் பிறகுதான் அப்பா பியானோவின் அடிப்பலகையைக் கழற்றி உள்ளே ஒரு பல்பைப் பூட்டினார், சூட்டில் மரம் காயட்டும் என்று. மின்சாரம் இருக்கிற நாளில் கட்டை ஒழுங்காக எழும்பும். இல்லாத நாளில் படுத்துக்கொள்ளும்.

இதை வாசித்துவிட்டு நீ அவமானப்படுவாய் என்று எனக்குத் தெரியும். அவசரப்படாதே. டவுனில் அந்த மண்டபத்தில் நீங்கள் வாசித்தீர்களே, உன்னிடம் இருக்கிற பதிவு அதுதானே. அங்கே இருந்தது நல்ல பியானோ. அக்கா அந்தத் தாழ்ந்த கட்டையை அடித்தாள். அது உடனே மேலே வந்துவிட்டது. நான் பார்த்தேன். ஆனால் அவள் நின்றாள். வீட்டில் நிற்கிற அதே அளவு நின்றாள். முடிந்ததும் மியூசிக் மிஸ் ஓடிவந்து, "யாரு உங்களுக்கு இந்த இடத்தில நிக்கச் சொல்லித் தந்த?" என்று கேட்டா. "ஒருத்தரும் இல்ல மிஸ். எங்கட வீட்டுப் பியானோதான்" என்றாள் அக்கா. உண்மையைத்தான் சொன்னாள். மிஸ் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தா. நீ பக்கத்தில் நின்று, மிஸ் உன்னையும் புகழ்கிறா என்று காது சிவந்துபோய் நின்றாய். நீ செல்லோவை ஏற்றிக்கொண்டு அப்பாவோடு முன்னால் போனாய், நானும் அக்காவும் பின்னால் ஆட்டோவில் வந்தோம். "அங்க கட்ட ஒட்டயில்லயே மகள், என்னத்துக்கு நிண்ட?" என்று கேட்டேன். "தம்பி வில்லத் தூக்கிட்டான் அம்மா. அவன் அந்தளவு நேரம் நிண்டு பழகிட்டான். நான் எனக்குச் சரியெண்டு போனா அவன் தனிச்சு விழுந்துபோவான்" என்றாள்.

ஆகவே அந்த நிறுத்தம் ஈரத்தில் தொடங்கினாலும், மண்டபத்தில் அது உனக்காக நின்றது. அவள் பக்கத்தில் இருக்கிற ஆளைப் பார்த்து வாசித்தாள். அந்த ஆள் நீ என்பதால் அப்படி வாசித்தாள். ஷெரின் அங்கே நிற்காததற்குக் காரணம் அவளுக்கு மனது இல்லாதது அல்ல. அவளுடைய கட்டை எழும்புகிறது; உன் வில்லை அவள் பார்க்கும்போது நீ அவளைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறாய். பிறகு அவள் எதைப் பார்த்து நிற்பாள்?

இனி அந்தக் கடைசிப் பதிவு. இதைத்தான் நான் பேசாமல் வைத்திருந்தேன். வெள்ளம் வடிந்த காலம். வளவுக்குப் பின்னால் தண்ணீர் நின்றது, தெருத்தெருவாகப் புகை அடித்துக்கொண்டு போனார்கள். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது, இரத்தம் பார்த்தோம், படுக்கச் சொன்னார்கள், திரும்ப இரத்தம் பார்க்க வரச் சொன்னார்கள். நீ விடுமுறையில் வீட்டில் இருந்தாய். ஒரு காலை நான் அவளுடைய நெற்றியைத் தொட்டேன், சூடு இல்லை. "காய்ச்சல் விட்டுட்டு, கர்த்தருக்குத் தோத்திரம்" என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். அப்பா சந்தைக்குப் போய்க் கொடுவா மீன் வாங்கிவந்தார். வீடு முழுக்கச் சந்தோஷம். டெங்குவில் சூடு விடுகிற நாள்தான் பயப்படவேண்டிய நாள் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் அன்று நினைவுக்கு வரவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் அதையே எச்சரிக்கிற படத்தை ஒட்டியவர்களில் நானும் ஒருத்தி.

நீ செல்லோவை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, ஏலுமெண்டா அந்தப் பகுதிய மட்டும்" என்றாய். "ஏலும். படுத்துப் படுத்து முதுகு நோகுது" என்று அவள் எழும்பினாள். உன் போனில் இடமில்லை என்று என் போனைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாய். நான் என் கதிரையில் இருந்தேன். அன்று மின்சாரம் இருந்தது, பல்பு முதல்நாளிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. தாழ்ந்த கட்டையை அவள் அடித்தாள். அது உடனே எழும்பிச் சமமாக வந்தது. அவள் அடிக்கவில்லை. நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். தூரத்தில் வருகிற பஸ்ஸின் பெயரை வாசிக்கிறவளைப் போலத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலுதட்டில் வியர்வை. விரல் கட்டையின் மேல்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பாரம் இல்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு வில்லைத் தூக்கி வைத்திருந்தாய். உன் முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு. அந்த நேரம் மிகவும் நீண்டது. பிறகு எங்கிருந்தோ திரும்பி வந்தவளைப் போல அவள் அடித்தாள், அதுவரைக்கும் அடித்ததிலேயே மெலிதாக. நீ உள்ளே வந்தாய்.

முடிந்ததும் நீ துள்ளி எழும்பி, "அக்கா, இதுதான்! இப்பிடியே வைப்பம்" என்றாய். அவள் "ம், வைப்பம்" என்றாள். பிறகு, "கை குளிருது அம்மா" என்றாள். நான் அவளுடைய கைகளை என் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தேன். "மீன் சொதி குடிக்கிறயா மகள்?" என்று கேட்டேன். பதிவு அதோடு முடிகிறது. பின்னேரம் வயிறு நோகிறது என்றாள், சத்தி எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீயும் அங்கேதான் நின்றாய்.

அந்தப் பதிவை நான் பலதரம் கேட்டிருக்கிறேன். நீ சொன்னது சரி, அந்த நிறுத்தம் மற்ற எல்லாவற்றையும்விட அழகாகத்தான் இருக்கிறது. கேட்கிறவர்கள் எவரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அது வாசிப்பு அல்ல தம்பி. அது ஒரு உடம்பு மேலே போகமுடியாமல் நின்ற நேரம். அதை அளந்து எடுத்து, சுகமாக இருக்கிற ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, இதைப்போல நில் என்று சொல்லக்கூடாது. அது அவளுக்கும் அநியாயம், அக்காவுக்கும் அநியாயம். அக்கா அப்படி நிற்க விரும்பி நிற்கவில்லை. மண்டபத்தில் நின்றது அவளுடைய விருப்பம். வீட்டில் கட்டைக்காக நின்றது அவளுடைய பொறுமை. இந்தக் கடைசியில் அவளுடையது என்று ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் எழுதவேண்டும். அதை நீ எனக்குச் சொல்லவில்லை, ஆனால் நான் அறிவேன். அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னது நீ. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கடைசி நாள் எப்படி இருந்தாள் என்று கேட்டபோதெல்லாம் நீ எழும்பி வெளியே போனாய். அதன்பிறகு நெடுநாள் செல்லோவை உறையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தபோது அந்த நிறுத்தத்தைத்தான் முதலில் வாசித்தாய், சத்தமே இல்லாமல், வில்லைத் தூக்கிவைத்துக்கொண்டு. நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். இப்போது வருகிற ஒவ்வொரு பியானோக்காரரையும் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறாய். நீ அங்கே எதைத் தேடுகிறாய் என்று ஷெரினுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாமே என்றுதான் நீ நிற்கிறாய்.

அங்கே கண்ணைத் திறந்து இருந்தவள் நான். எனக்கும் விளங்கவில்லை. வாசித்ததால் அவளுக்கு ஏதும் கூடியதா என்று டொக்டரிடம் நான் கேட்டேன், நீ வெளியே நின்றபோது. இல்லை என்றார். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நான் இன்றுவரை ஒருவரிடமும் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன். உன்னை ஆறுதல்படுத்தப் பொய் எழுத எனக்கு விருப்பமில்லை. அவள் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அன்று அந்த வீட்டில் நாலு பேர் சந்தோஷமாக இருந்தோம், நாலு பேருக்கும் தெரியவில்லை. அதில் நீ மட்டும் தனியாக நிற்கத் தேவையில்லை.

ஷெரினிடம் நான் ஒன்று கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். "மகள், அந்த இடத்தில நீங்க என்ன செய்ய நினைக்கிறீங்க?" அதுவரைக்கும் அப்படி ஒருவரும் அவளைக் கேட்கவில்லையாம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "எனக்கு அங்க நிக்க விருப்பமில்ல ஆன்டி. அந்த லோ நோட்ட நான் அடிச்சா அது உடன முடியிறதில்ல. இந்தப் பியானோவில நல்லா நேரம் கேக்கும். அது முடியிறதுக்கு முன்னுக்கு ரெண்டாவதையும் அடிச்சு, அவர் அதுக்குள்ள வந்தா நல்லம். அது முழுசாச் செத்தப்பிறகு அவர் வந்தா, அவர் திரும்ப ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும். ஆரம்பிக்கிறது இல்ல ஆன்டி, அது தொடர்றது." பிறகு, "நான் சொல்றது பிழையா இருக்கலாம்" என்றாள். பிழையா சரியா என்று சொல்ல நான் யார்? தாள் புரட்டினவள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. அக்கா இருந்திருந்தால் அந்தப் பிள்ளையோடு சண்டைபிடித்திருப்பாள். நல்ல சண்டையாக இருந்திருக்கும்.

அதனால் நான் கேட்பது இதுதான். ஊருக்கு வராதே. நாளைக்கே ஷெரினிடம் போ. போனைப் பைக்குள் வை. அவளுடைய கை தெரிகிற மாதிரிக் கதிரையைத் திருப்பிப் போடு. எங்கள் வீட்டில் இடம் இல்லாததால்தான் தோளை மட்டும் பார்த்துப் பழகினாய். அவள் சொல்கிறபடி ஒருதரம் வாசித்துப் பார். உனக்குப் பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று வாயால் சொல். அவள் திருப்பிச் சொல்வாள். மூடியை இறக்கிவிட்டுப் போனாலும் போவாள். பிறகு வருவாள். அப்படித்தான் அது நடக்கிறது. ஒருவர் இன்னொருவருடைய ஸ்வரம் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே தன்னுடையதை வைப்பது. அதை ஒரு பதிவிலிருந்து பழக முடியாது, பதிவில் இருக்கிறவர் உன்னைக் கேட்கமாட்டார்.

நான் வாசிப்புக்கு வருவேன். அப்பாவும் வருவார், அவருக்கு ஆலையில் லீவு கேட்டாயிற்று. பக்கம் புரட்ட என்னைக் கூப்பிடவேண்டாம். ஷெரின் டப்லெட்டில் பார்த்துக் காலால் மிதித்துப் பக்கம் மாற்றுகிறாளாம். நான் கீழே, பின்வரிசையில் எங்கேயாவது இருப்பேன். அந்தப் பதிவு என்னிடம்தான் இருக்கும். அழிக்கமாட்டேன். நீ வீட்டுக்கு வருகிறபோது என் பக்கத்தில் இருந்து கேட்கலாம், சொதி என்று நான் கேட்கிற இடம் வரைக்கும்.

கடைசியாக ஒன்று. அவள் போனதிலிருந்து நாங்கள் ஒருவரும் ஒழுங்கான சொல்லைச் சொல்லவில்லை. போதகர் நித்திரையடைந்தாள் என்றார். அப்பா "அவள் இல்லாமப் போனதுக்குப் பிறகு" என்று தொடங்கி நிறுத்திவிடுவார். நான் உன்னோடு பேசும்போது "அக்கா இருந்தா" என்றுதான் சொல்வேன், இதோ இந்தக் கடிதத்திலும் ஒருதரம் அப்படி எழுதிவிட்டேன். யாரும் சொல்லாத சொல்லைப் பெற்றவள்தான் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். அக்கா செத்துப்போனாள், மனே. நீ வில்லைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாலும் அவள் அந்தக் கட்டையை அடிக்கமாட்டாள். ஷெரின் அடித்ததும் உள்ளே போ.

அம்மா